தாய்க்கணு

ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

சின்னவன் எழுதுவது. போனில் பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது. பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்துகிறவள் என் கையெழுத்தைப் படித்து என்ன பாடுபடுவாய் என்று தெரியும். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

இங்கே எல்லாரும் நலம். உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. 'அத்தை' என்று சொல்லச் சொன்னால் காற்றுதான் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செல்போன் நிறுவனத்தார் என் அலுவலகத்துக்கே தேடி வந்தார்கள். அந்த மலைச்சரிவிலேயே உயரத்தில் இருப்பது நம் வீடு. அதன் மொட்டைமாடியில் கோபுரம் வைக்கக் கேட்கிறார்கள். அம்மாவுக்குப் பிறகு வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். ஒரே நிபந்தனைதான். மாடியில் வேறு எந்தக் கருவியும் இருக்கக்கூடாது. உன் கம்பத்தையும் பெட்டிகளையும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

எனக்கு இது நல்லதாகத்தான் படுகிறது. நாற்பத்தாறு வயதில் நீ மழையில் ஏணி ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை. உன் வாடிக்கையாளர்களுக்கும் ஒழுங்கான இன்டர்நெட் இணைப்பு கிடைக்கும். யோசித்து எழுது. யோசிக்காமல் எழுதாதே.

அன்புடன்,
சின்னவன்

•

ஆகஸ்ட் 9

அன்புள்ள சின்னவனுக்கு,

கடிதம் கிடைத்தது. சிவப்பு மையை எடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் அடித்தேன். 'வாடிக்கையாளர்கள்.' எனக்கு அப்படி யாரும் இல்லை.

நீ இங்கே இருந்து போய் வெகுநாளாகிறது. அதனால் சொல்கிறேன். கேபிள் கீழே பெரிய சாலையோடு நின்றுவிட்டது. மேலே கொண்டுவரச் சொல்லி நாங்கள் எழுதியபோது, இப்போது உன்னைத் தேடி வந்திருக்கிறார்களே, அதே நிறுவனம் ஒரு வரியில் பதில் போட்டது. 'வணிக ரீதியில் பயனற்ற பகுதி.' எத்தனையோ பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். இந்த வரியில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை, அதுதான் எரிச்சல்.

அதனால் நாங்களே செய்துகொண்டோம். சாலையோரப் பேக்கரியில் கம்பி இணைப்பு இருக்கிறது. அதை எல்லாருமாகப் பகிர்ந்துகொள்கிறோம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்னப் பெட்டி, ஓர் ஆன்டெனா. பெட்டிகள் ஒன்றோடொன்று காற்று வழியாகப் பேசும். பெட்டியோடு வந்த விளக்கத் தாள் முழுக்க ஆங்கிலம். புரியாத பெயரை வைத்துக்கொண்டு ஒரு பொருளைப் பழுதுபார்க்க முடியாது என்று எல்லாரும் நம் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். பெட்டி இருக்கும் இடத்தை 'முடிச்சு' என்றேன். தையற்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "முடிச்சு விழுந்தா நான் நூலை அறுத்துப் போடுவேன். வேற சொல்லுங்க." மெக்கானிக்தான் ஏணியின் மூங்கிலைத் தட்டி, "கணுன்னு வைங்க. முறிஞ்சாலும் கணுவுல முறியாது" என்றார். ஆக, கணு. ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி போவது தாவல். வெளியுலகத்துக்குத் திறக்கிற பேக்கரிப் பெட்டி, வாசல். எந்த மாடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற நம் பெட்டிக்குப் பேக்கரிக்காரர் 'தாய்க்கணு' என்று பெயர் வைத்தார். நான் மறுக்கவில்லை.

சரிவில் ஏறும் படிக்கட்டின் பாதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி குடிவந்திருக்கிறாள். உனக்குத் தெரியாது. அவளுக்குக் காது கேட்காது, கையால் பேசுவாள். அவளுடைய அக்காவும் அப்படித்தான், வேறு ஊரில் இருக்கிறாள். நமக்கு போன் போதும், சண்டை போடவாவது. அவர்களுக்குப் படம் தெரிந்தால்தான் பேச்சு. இந்தப் பெட்டிகள் வருவதற்கு முன் அக்காவும் தங்கையும் வருடத்துக்கு ஒருமுறைதான் பேசிக்கொண்டார்கள்.

நம் மாடிப் பெட்டியை எடுத்தால் அவள் வீட்டில் படம் நின்றுவிடும். எல்லார் வீட்டிலும் நின்றுவிடும். ஆகவே கையெழுத்துப் போடமாட்டேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மருமகளுக்கு என் முத்தம். பல் முளைப்பதற்குள் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அக்கா

•

ஆகஸ்ட் 15

அக்காவுக்கு,

படம் வைத்திருக்கிறேன். சிரிக்கச் சொன்னால் வாயை மூடிக்கொள்கிறாள். திட்டினேன், அழுதாள், அப்போது எடுத்தது.

'பயனற்ற பகுதி' என்று சொன்னவர்களே இப்போது தேடி வருகிறார்கள் என்றால் நீ சந்தோஷப்பட வேண்டாமா? மனிதர்கள் மனம் மாறுவார்கள், நிறுவனங்களும் மாறும். கோபுரம் வந்தால் அந்தக் கடிகாரக்காரப் பெண்ணுக்கும்தானே நல்லது. அவளை என் முன்னால் நிறுத்தி என்னைக் கல்நெஞ்சக்காரனாக ஆக்காதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன முறை வந்தபோது என் அறையில் கால் வைக்க இடமில்லை. கட்டில்மேல் கம்பிச் சுருள், ஜன்னல் ஓரம் பெட்டிகள். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். காலையில் யாரோ வந்து எட்டிப் பார்த்து, "தாய்க்கணு வீட்டுத் தம்பியா நீங்க?" என்று கேட்டார். நான் பிறந்த வீட்டில் எனக்கு இதுதான் அடையாளம். கம்பம் நடும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? பாதி மாடி என்னுடையது, அக்கா. எந்தப் பாதி என்று நீயே சொல். அந்தப் பாதியில் ஓரமாக நின்றுகொள்கிறேன்.

சின்னவன்

•

ஆகஸ்ட் 21

அன்புள்ள சின்னவனுக்கு,

கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உன் அறையை ஒழித்துவிட்டேன். கட்டிலில் புது விரிப்பு போட்டிருக்கிறேன். இது உன் கடிதத்துக்கு இணங்கிப்போவது ஆகாது. அறை வேறு, மாடி வேறு.

உன் நிறுவனத்து ஆள் நேற்று அளவெடுக்க வந்தார். நீதான் அனுப்பினாயாம். மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, தண்ணீர் குடித்து, சுற்றிலும் பார்த்தார். மெக்கானிக் அப்போது மாடியில் என்னோடு ஒரு கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்த நெட்வொர்க்குக்கு ஓனர் யாரு?"

"ஓனர் கிடையாது."

"அப்ப யார் நடத்துறாங்க?"

"எல்லாரும்தான்."

"யாராவது ஒருத்தரைப் பிடிச்சுத்தானே மேடம் பேச முடியும்?"

மெக்கானிக் திரும்பாமலே சொன்னார். "எங்களுக்கும் அதுதான் சார் கஷ்டம். நெட் நின்னுபோச்சுன்னா யாரைத் திட்டுறதுன்னே தெரியல."

கோபுரம் வந்தால் சரிவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர், பாவம். "இது பின்பக்கம் போற நெடுஞ்சாலைக்கு மேடம். முகம் அந்தப் பக்கம்தான் இருக்கும். இந்தப் பக்கத்துக்கு இப்போதைக்குத் திட்டம் இல்லை."

மனம் மாறும் என்றாயே, சின்னவனே. நம் வீட்டின் உயரம் மட்டும் அவர்களுக்கு வேண்டும். அதன் காலடியில் இருப்பவர்கள் வேண்டாம். சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கோபுரம் நிற்கும். அதற்கு இடம் விட எங்கள் பெட்டி இறங்க வேண்டும். இது உனக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். இப்போது தெரிந்துவிட்டது.

போகும்போது, "இதுல எது மெயின்?" என்று கேட்டார். என் கை தானாக நம் கம்பத்தைக் காட்டியது. அவர் குறித்துக்கொண்டார்.

கையெழுத்து இல்லை.

அக்கா

•

ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

விசாரித்தேன். கோபுரம் நெடுஞ்சாலையைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். சரிவுக்குப் பிறகு பார்த்துக்கொள்வார்களாம். எனக்கு அது தெரியாது என்பது உண்மை. ஆனால் அதற்காக நான் பின்வாங்கப் போவதில்லை, ஏன் தெரியுமா?

ஓனர் கிடையாது என்று அந்த ஆளிடம் சொன்னாயாம். எது மெயின் என்று கேட்டதும் உன் கம்பத்தைக் காட்டினாயாம். நீயே எழுதியிருக்கிறாய், எழுதியதைத் திருப்பிப் படித்தாயா? அத்தனை வீட்டு ஆன்டெனாவும் உன் மாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உன் பெட்டியை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்கிறாய். அப்படியென்றால் அதற்குப் பெயர் வலை இல்லை, அக்கா. ஒரு தாயும், அவள் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளைகளும். உனக்குப் பிள்ளை இல்லாத குறையை அடுத்தவர் வீட்டு மாடிகளில் தீர்த்துக்கொள்கிறாய். அதற்கு நான் ஏன் என் பாதியைக் கொடுக்க வேண்டும்?

உன் கையெழுத்து இல்லாமல் அவர்களுக்கு நான் மாடியைத் தர முடியாது. என் சம்மதம் இல்லாமல் நீயும் கம்பத்தை வைத்திருக்க முடியாது. செப்டம்பர் இருபதாம் தேதி ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன். கம்பம் இறங்கும். அதற்குப் பிறகு நீ கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

தம்பி

•

செப்டம்பர் 1

சின்னவனுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத நேரமில்லை. ஏணியை மெக்கானிக் வீட்டிலிருந்து தூக்கி வரவேண்டும்.

அக்கா

•

செப்டம்பர் 9

அக்கா,

இரண்டு வரியில் பதில் போட்டால் என்னவென்று எடுத்துக்கொள்வது? நீ நீளமாகத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஒரு வரியை நான் அடித்திருக்க வேண்டும். தபாலில் போட்டுவிட்டு வந்ததும் என் மனைவியிடம் சொன்னேன். சாப்பாட்டை முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு உன்மேல் கோபம் இருந்தது, அந்தக் கோபத்துக்கு அந்த வார்த்தைதான் கைக்குக் கிடைத்தது.

இருபதாம் தேதி மட்டும் மாறவில்லை. மாற்றினால் நான் சொன்னது எதற்கும் மதிப்பு இல்லாமல் போய்விடும். அது உனக்கும் புரியும். நீயும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே.

மழை நாளில் ஏணி ஏறாதே.

சின்னவன்

•

செப்டம்பர் 16

அன்புள்ள சின்னவனுக்கு,

இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தடம். எழுத்து கோணலாக வந்தால் உன்னுடையதைப் போல இருக்கிறது என்று நினைத்துக்கொள்.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போனேன். உன்னைத் திட்டத் தனியிடம் வேண்டியிருந்தது. திட்டிக்கொண்டே சுற்றிலும் பார்த்தேன். தையற்காரம்மா வீட்டு ஆன்டெனா என்னைப் பார்த்தது. மெக்கானிக் வீட்டுடையதும் என்னைப் பார்த்தது. அவர்கள் இருவரும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு குடியிருப்பவர்கள். ஒருவர் மாடியிலிருந்து மற்றவர் மாடிக்கு எட்டி டம்ளர் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டுச் செய்தி சரிவு முழுக்க ஏறி என்னிடம் வந்து, திரும்ப இறங்கி அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதலில் சேர்ந்தவர்கள் பக்கத்து வீட்டோடுதான் இணைந்தார்கள். தாய்க்கணு என்று ஒரு பெயர் வந்ததும் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் நேராகத் தாயிடம் வரவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். பக்கத்து வீட்டு வழியாக வருவது மட்டமாகத் தோன்றியிருக்கிறது. பழையவர்களும் ஒவ்வொருவராகத் திருப்பிக்கொண்டார்கள். நான்தான் ஏணி ஏறித் திருப்பிக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே. ஒரு சொல் இவ்வளவு ஆன்டெனாக்களைத் திருப்பும் என்று பிழை திருத்துகிற எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். இருபதாம் தேதி நம் மாடிக் கம்பம் இறங்கப்போகிறது என்றேன். நீ வருவதையும் சொன்னேன், மறைக்கவில்லை. பிறகு தாய்க்கணு என்ற பெயர் இனி கிடையாது என்றேன். பேக்கரிக்காரருக்குத்தான் முகம் விழுந்துவிட்டது.

"தாயை எடுத்துட்டா பிள்ளைங்க கதி என்னங்க ஆகுறது?"

"பிள்ளைங்களுக்கு மீசை நரைச்சாச்சு. உங்களுக்கே நரைச்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஆனால் வேலை என்று வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நம் மாடி இல்லாமல் மேல் வீடுகளுக்கு இணைப்பு போக வேண்டுமானால் கீழிருந்து ஒவ்வொரு வீடாகத் தாவித்தான் ஏற வேண்டும். மெக்கானிக் மாடியிலிருந்துதான் பேக்கரி தெரிகிறது. அடுத்த தாவல் தையற்காரம்மா வீடு. சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் அவர்கள் இருவரும் பேசி வருடக்கணக்காகிறது.

"அந்த ஆள் வீட்டு வழியா வர்ற நெட் எனக்கு வேணாம். என் மெஷினே நின்னாலும் சரி" என்றார் தையற்காரம்மா.

"நீங்க அவர்கூடப் பேச வேணாம். உங்க பெட்டி அவர் பெட்டியோட பேசினாப் போதும்."

மெக்கானிக் சுவரைப் பார்த்துச் சொன்னார். "என் பெட்டி அந்தம்மாகிட்ட மரியாதையாத்தான் பேசும். அங்கேயிருந்து என்ன பதில் வருதுன்னுதான் பயமா இருக்கு."

தையற்காரம்மா எழுந்து போய்விட்டார். அன்று அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. அவரை மாற்றியது என் பேச்சு இல்லை. கடிகாரக்காரப் பெண் அவர் கடைக்குப் போய், மெஷினை நிறுத்தச் சொல்லி, தன் போனில் அக்காவின் படத்தைக் காட்டி, பிறகு விரலால் மெக்கானிக் வீட்டையும் தையற்கடையையும் தன் வீட்டையும் வரிசையாகத் தொட்டுக் காட்டினாளாம். மூன்றாவது அவள். நடுவில் இருப்பவர் கையை எடுத்தால் மூன்றாமவருக்கு எதுவும் இல்லை. மறுநாள் காலையில் தையற்காரம்மாவே வந்து, "அந்த ஆளை ஏணியைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. நான் மேல ஏறுறேன்" என்றார்.

இத்தனை நாளும் அதே வேலைதான். ஒவ்வொரு ஆன்டெனாவாக என்னிடமிருந்து திருப்பிப் பக்கத்து வீட்டைப் பார்க்க வைத்தோம். பெரிய தண்ணீர்த் தொட்டி மறைக்கிற மூலையில் கோழிக்கடை மாடியைக் கேட்டு வாங்கினோம். சாலையோர மருந்துக்கடையிலும் கம்பி இணைப்பு இருக்கிறது, கடைக்காரர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். ஆகவே இப்போது எங்களுக்கு வாசல் இரண்டு. ஒன்று அடைத்தால் மற்றொன்று. வேகம் குறைந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். தாவல் கூடக்கூட வேகம் குறையும். மேல் வீட்டுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும், திட்டுவதற்கு இப்போதும் ஆள் இல்லை.

ஒவ்வொரு ஆன்டெனா திரும்பும்போதும் எனக்குள் என்னவோ செய்தது. அதை உன்னிடம் சொல்வானேன் என்று நினைத்தேன், ஆனாலும் சொல்கிறேன். காலையில் கதவைத் தட்டி, "அம்மா, நெட் வரல" என்று கேட்பவர்கள் இனி பக்கத்து வீட்டைத் தட்டுவார்கள். அந்தத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது. நீ அதை மோப்பம் பிடித்துவிட்டாய். கூடப் பிறந்தவர்களுக்குத்தான் எங்கே குத்தினால் இரத்தம் வரும் என்று தெரியும்.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது குறை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சொல்லை நீயாகக் கொண்டுவந்து வைத்தாய். அதை நான் ஏற்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன். மன்னிக்கும்போது தெரிவிக்கிறேன்.

நேற்று மத்தியானம் நம் பெட்டியை அணைத்தோம். எங்கே அறுபடுகிறது என்று பார்க்க ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் நின்றார். நான் கடிகாரக்காரப் பெண்ணின் கடையில் நின்றேன். மேஜைமேல் பிரித்துப் போட்ட கடிகாரம், அதற்குப் பின்னால் சாய்த்து வைத்த போன், போனில் அவள் அக்கா ஏதோ கதை சொல்லிக் கையை வீசிக்கொண்டிருந்தாள். மேலே மெக்கானிக் சுவிட்சை அணைத்தார். படம் உறைந்தது. அக்காவின் இரண்டு கைகளும் காற்றில் அப்படியே நின்றன. தையற்காரம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் கைகள் அசைந்தன.

கடிகாரக்காரப் பெண் திரும்பி என்னைப் பார்த்து, விரலை மேலே காட்டி, கையை மூடினாள். அணைத்தாயிற்றா என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டினேன். சரி என்று ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். என்னை மறந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அக்காவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நான் படியேறி வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். சந்தோஷத்தில் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

சாயங்காலம் கம்பத்தை இறக்கினோம். மாடியில் இப்போது எதுவும் இல்லை. கம்பம் நின்ற நான்கு ஓட்டைகளையும் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. உன் நிறுவனத்து ஆளிடம் சொல், அவர் குறித்துக்கொண்டு போன மெயின் இங்கே இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல். உண்மையிலேயே தெரியாது.

மாடி காலியாகிவிட்டதால் நான் கையெழுத்துப் போடுவேன் என்று நினைக்காதே. கம்பத்தை இறக்கியது உனக்குப் பயந்து இல்லை. இனி என்னை மிரட்ட உன்னிடம் ஒன்றும் இல்லை என்பதற்காக இறக்கினேன். எங்கள் சரிவுக்கு முதுகைக் காட்டுகிற எதற்கும் என் பாதியைத் தரமாட்டேன். நாளைக்கே அவர்கள் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தால் அப்போதும் நீ என்னிடம் கேட்கக்கூடாது. கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

இருபதாம் தேதிக்கு ஆளைக் கூட்டி வராதே. வீணாக மலையேறி வெறுங்கையோடு இறங்குவான். நீ மட்டும் வா. குழந்தையையும் அழைத்து வா. கையெழுத்துக் கேட்காமல் இருந்தால் டீ போட்டுத் தருவேன். கேட்டாலும் டீ தருவேன். கையெழுத்து மட்டும் கிடைக்காது.

உன் அக்கா